தண்டவாளம் இல்லாத ரயில் பாதையில் 32 கிலோமீட்டர்

(இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு)



பேரவை மலருக்கு ஏதாவது எழுது என்று மலர்க்குழுவில் கேட்டபோது, "கவிதை எழுதுறவன்கிட்ட போய்க் கேளுங்கடா, எனக்கு லெவல் புக்ல ரீடிங் எழுதவே தகராறு" என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை. "பொங்கலுக்கு மூணாறு போய் நாள் பூரா நடந்துட்டு வந்தியே, அதையே எழுது" என்றார்கள். எழுதுகிறேன். இதில் இலக்கியம் தேடாதீர்கள். கால் வலி இருக்கும், கொஞ்சம் ரயில்வே இன்ஜினியரிங் இருக்கும், ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் இருக்கும்.

முதலில் பக்கெட்.

நம் வகுப்பில் ஒருவனுக்கு 'டீத்தூள்' என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர்; ஆனால் அந்தப் பெயரில் அவனை சார்மார்கள் மட்டுமே கூப்பிடுவார்கள். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவன் வீடு. ஒவ்வொரு லீவு முடிந்து வரும்போதும் அவன் பையிலிருந்து வரும் மணம் விடுதி வராண்டா முழுக்க அடிக்கும். ஆளுக்கொரு பொட்டலம் கொடுப்பான். பூர்வீகம் என்னவோ இங்கேதான். சங்கரன்கோவிலுக்கு ஏழெட்டு மைல் தள்ளி ஒரு மானாவாரி கிராமம். அவனுடைய பூட்டன் காலத்தில் மலை ஏறிய குடும்பம். ஆடித்தபசுக்கு மட்டும் இறங்கி வந்து, கோமதி அம்மனைக் கும்பிட்டு, புற்றுமண் பொட்டலத்தோடு திரும்பிப் போவார்கள்.

2025 பொங்கல் லீவுக்குப் புறப்பட்டபோது அவன் பெட்டியோடு பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போனான். விடுதியில் இருந்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். லீவுக்குப் போகிறவன் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போவான். பக்கெட்டையும் தூக்குகிறவன் திரும்பி வரமாட்டான்.

போன் போட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான். "அப்பாவுக்கு அடுத்த வருஷம் ரிடையர்மெண்ட்டுடா. அம்மாவுக்கும் முட்டி வலி, அதிக நாள் மலைக்குப் போக முடியாது. வீட்டுல ஒரு ஆளாவது வேலையில இருந்தாத்தான் லயம். இல்லேன்னா காலி பண்ணணும். நான் இப்பவே பேர் பதிஞ்சிட்டா வீடு நிக்கும்."

லயம் என்றால் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. வேலை இருக்கும் வரை வீடு, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. இது ஏதோ ஒரு எஸ்டேட்டின் வழக்கம் மட்டும் இல்லை, தோட்டத் தொழிலில் காலம் காலமாக இருப்பது. ஆறாவது செமஸ்டர் தொடங்கியாகிவிட்டது. இன்னும் மூன்று மாதம் பல்லைக் கடித்தால் டிப்ளமா. அதை விட்டுவிட்டு...

"சரிடா, நான் ஊர் சுத்திப் பார்க்க வர்றேன். உங்க ஊர் ரயில் பாதையைக் காட்டுறேன்னு ரெண்டு வருஷமா சொல்றியே" என்றேன். உண்மையில் நான் போனது அவன் மனசை மாற்றிக் கூட்டிக்கொண்டு வர. பஸ்ஸில் ராஜபாளையம், தேனி, போடி என்று ஊர் ஊராக, என்னென்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். போடிமெட்டு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு கலங்கி மனப்பாடம் பாதி மறந்துபோனது வேறு விஷயம்.

மூணாறில் ரயிலா என்று உங்களில் பலர் கேட்பீர்கள். நானும் கேட்டவன்தான். நம் ஊருக்கு 1927-ல் விருதுநகர்–தென்காசி மீட்டர் கேஜ் பாதையாக ரயில் வந்தது. 2004-ல் அகலப்பாதை ஆனது. போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான். ஆனால் அதற்கு இருபது வருடம் முன்பே, 1908-ல், மூணாறு மலை உச்சியில் ரயில் ஓடியிருக்கிறது! குண்டளை பள்ளத்தாக்கு ரயில்வே என்று பெயர். மூணாறிலிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை, இரண்டு அடி அகலத்தில் குட்டிப் பாதை.

அதற்கும் முன்னால், 1902-ல், அங்கே ஒற்றைத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். ஈவிங் முறை என்பார்கள். தரையோடு தரையாக ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி அதன்மேல் ஓடும் சின்னச் சக்கரங்களில் இறங்கும். சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண் ரோட்டில் உருளும். இழுத்தது மாடு. இதே முறையில் பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய வண்டியை இன்றும் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ரயில் வந்தது பயணிகளுக்காக இல்லை, தேயிலைக்காக. பெட்டி பெட்டியாகத் தேயிலை மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து கம்பிவட ரோப்வேயில் ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அதனால் கொட்டகுடிப் பக்கத்துக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்று பெயர். பிறகு மாட்டு வண்டியில் போடி. அப்புறம் ரயில், கப்பல், இங்கிலாந்து. டாப் ஸ்டேஷன் என்றால் சுற்றுலாக்காரர்கள் ஏதோ 'டாப்பான' இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது உண்மையாகவே ஸ்டேஷன்!

1924 ஜூலையில் பெய்த மழையில் எல்லாம் போயிற்று. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதை இன்றும் '99 வெள்ளம்' என்கிறார்கள். மலை சரிந்து, பாதை அறுந்து, ரயில் நின்றது. மறுபடி போடவே இல்லை. பாதை மட்டும் மிஞ்சி, ரோடாகிவிட்டது. அந்த ரோட்டில்தான் நாங்கள் நடந்தோம்.

காணும் பொங்கல் அன்று காலை ஐந்தரை மணி. மூணாறு டவுனில் அவன் அத்தை வீட்டிலிருந்து கிளம்பினோம். சங்கரன்கோவிலில் மார்கழிக் குளிருக்கே மப்ளர் கட்டுகிற ஆள் நான். அங்கே புல்லின்மேல் வெள்ளையாக உப்புத் தூவியது மாதிரி உறைபனி. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அத்தை ஆளுக்கு ஒரு டம்ளர் கட்டன் சாயா கொடுத்து, "பையன்களா, பஸ்சு இருக்கும்போது எதுக்கு இந்த நடை?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் சிரித்தேன்.

முதலில் பழைய மூணாறு ரயில் நிலையக் கட்டடத்தைக் காட்டினான். இப்போது அது தேயிலைக் கம்பெனி அலுவலகம். வெளியே நின்று பார்த்துவிட்டு நடையைக் கட்டினோம்.

ஒரு மணி நேரம் நடந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. மலைப் பாதையில் நடக்கிறேன், ஆனால் மூச்சு வாங்கவே இல்லை! முந்தின நாள் பஸ் ஏறிய போடிமெட்டு ரோட்டுக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இது மலையோடு சண்டை போடவில்லை. மலை வளைந்தால் தானும் வளைந்து, ஓடை வந்தால் உள்ளே போய்ச் சுற்றி வெளியே வந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது.

"டேய், இதான்டா ரூலிங் கிரேடியண்ட்!" என்று ரோட்டில் நின்று கத்தினேன். தேயிலைக்குள் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

பரீட்சைக்கு உருப்போட்டது நினைவிருக்கிறதா? இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தின்மேல் பிடிமானம் குறைவு. அதனால் ரயிலுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது. சமவெளியில் 150-க்கு 1 முதல் 200-க்கு 1 வரை. மலையில் 100-க்கு 1 முதல் 150-க்கு 1 வரை. அதற்குமேல் போனால் மேட்டுப்பாளையம்–குன்னூர் மாதிரி, 12-க்கு 1 ஏற்றத்துக்குப் பல் சக்கரமே வேண்டும். இரண்டு மார்க் கேள்விக்காகப் படித்த அந்த எண்களை அன்றைக்குத்தான் என் முழங்கால் படித்தது. தண்டவாளம் போய் நூறு வருடம் ஆகியும், ரயிலுக்காக வெட்டிய அந்தச் சரிவு அப்படியே கிடக்கிறது. எங்களைத் தாண்டிப் போன ஜீப், பஸ், பைக் எல்லாம் அதன்மேல்தான் ஓடுகின்றன.

அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், கைவிட்ட ரயில் பாதை ஒன்றை 1960-களிலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று மாற்றினார்கள். எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை என்று பெயர். நீளம் 32 மைல். நாங்கள் நடந்தது 32 கிலோமீட்டர். அங்கே கார் வராது. இங்கே காணும் பொங்கல் கூட்டம். காரும் வேனும் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. நடப்பவனுக்கு என்று ஓரமாக ஒரு அடி இடம்கூடக் கிடையாது. நாமும் சிவில்காரர்கள்தானே, நாளைக்கு யாராவது இதை யோசியுங்கள்.

மாட்டுப்பெட்டி அணைக்கு வந்தபோது பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் ஆகியிருந்தது. 1953-ல் கட்டிய அணை. ஒரு வளைவில் ரோட்டின் நடுவே யானைச் சாணம். ஆவி பறந்தது. எனக்கு உயிர் பாதி போய்விட்டது. 'படையப்பா' என்று பெயர் வைத்து எல்லோரும் பேசுகிற காட்டுக் கொம்பன் உலவும் பகுதி அது. "பயப்படாத மக்கா, படையப்பா ஸ்டைலா ரோட்டுல நடந்து வரும். நாம ஒதுங்கி நின்னா அது பாட்டுக்குப் போயிரும்" என்றான். ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது என்று நான் அடுத்த அரை மணி நேரம் தேடிக்கொண்டே நடந்தேன். நல்லவேளை, அது வரவில்லை.

எக்கோ பாயிண்டில் கூட்டமாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மலை திருப்பிச் சொன்னது. அந்த இடத்தில்தான் நான் பேச்சை ஆரம்பிக்கப் பார்த்தேன். "நீ படிப்பை விட்டா..." என்று வாயெடுத்தேன். "நட, அம்மா சோறாக்கி வச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு முன்னால் போனான். அவ்வளவுதான்.

குண்டளை தாண்டி ரோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கினால் அவன் வீடு. ஒரே கூரையின்கீழ் வரிசையாகச் சில குடும்பங்கள். முன்னால் ஒரு வராண்டா, ஒரு அறை, பின்னால் அடுக்களை. சுவரில் கோமதி அம்மன் படம். அதன் கீழே நம் கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்தபோது எடுத்த அவனுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிதாக்கி பிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். மூலையில் அந்தப் பக்கெட்! உள்ளே அவனுடைய புத்தகங்கள்.

அம்மா அன்றைக்கும் கொழுந்து கிள்ளப் போய்விட்டு, மதியம் ஓடி வந்து சோறு போட்டார். சோறும் கருவாட்டுக் குழம்பும். தேயிலைக் கறை ஏறிய விரல்கள். "நல்லாச் சாப்பிடுங்க தம்பி, நடந்து வந்திருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே மறுபடி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் துணி காயப்போடும் கொடிக்கு ஒரு இரும்புத் தூண் நட்டிருந்தார்கள். கை தானாக அதைத் தடவியது. மேலே குமிழ், நடுவில் ஒல்லி, கீழே அகலம்... தண்டவாளத் துண்டு!

"அது அந்த ரயில் தண்டவாளம்தான் தம்பி" என்றார் அவன் அப்பா. "எங்க தாத்தா கொண்டாந்தது. ரயிலுக்குத் தேயிலைப் பெட்டி ஏத்துன ஆளு அவரு. நம்ம ஊர்ல மழை இல்லாம காடு கரிஞ்சு கிடந்தப்ப, கங்காணி ஒருத்தரு கூட்டியாந்திருக்காரு. போடியில இருந்து நடந்து குரங்கணி வந்து, அங்க இருந்து ஒத்தையடிப் பாதையில டாப் ஸ்டேஷன் ஏறியிருக்காங்க. தேயிலைப் பெட்டி ரோப்ல இறங்கும், ஆளு காலால ஏறணும். தொண்ணூத்தொன்பது வெள்ளத்துல ரயிலு போச்சு. இவருக்கு உசிரு மிஞ்சுச்சு. அப்புறம் இந்தத் துண்டைத் தூக்கியாந்து நட்டுட்டாரு. லயம் மாறும்போதெல்லாம் பிடுங்கிக் கொண்டுபோய் நடுவோம். இந்த வீட்டுல எங்களுக்குச் சொந்தம்னா அது ஒண்ணுதான்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் மனப்பாடம் செய்த வசனம் எல்லாம் அந்த நிமிடம் வெட்கமாகிவிட்டது. சங்கரன்கோவிலில் அப்பா கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு "படிப்பை விடாதே" என்று போனில் புத்தி சொல்வது எவ்வளவு சுலபம்! நூறு வருடமாக நாலு தலைமுறை வேலை செய்த மண்ணில், ஒரு இரும்புத் துண்டைத் தவிரச் சொந்தம் எதுவும் இல்லாத வீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்லிப் பாருங்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பேசியது அப்பாதான். அதுவும் என்னைப் பார்த்து.

"தம்பி, இவன் வீட்டைக் காப்பாத்தறேன்னு நிக்கான். 2020-ல பெட்டிமுடியில மலை இறங்குச்சே, தெரியுமில்ல?"

தெரியும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறுக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் மூடிப் போயின. 70 பேர் இறந்தார்கள். கயத்தாறுப் பக்கம் இருந்து போன குடும்பங்கள்கூட அதில் உண்டு.

"அதுல போனவங்களும் வீட்டுக்குள்ளதான் தூங்கிக்கிட்டு இருந்தாங்க. வீடுன்னு நாம சொல்றோம். மலைக்கு அது தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. எங்க தாத்தா நடந்து ஏறுனாரு. நான் பஸ்சுல இறங்கிப் போறேன், அவ்வளவுதான வித்தியாசம்? இவன் எனக்காக மறுபடி ஏறி வர வேண்டாம். இவன் இங்க பேர் பதிஞ்சா, இவன் மகனும் இதே கொடிக் கம்பைப் பிடுங்கி நடணும். வீடு வேலையோட போறது. படிப்பு இவன்கூடப் போறது. நீங்களே சொல்லுங்க."

நான் சொல்வதற்கு எதுவும் இல்லை. 'டீத்தூள்' தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நீங்க எங்கப்பா போவீங்க?" என்று கேட்டான். அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. "அது அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். இப்ப இருட்டுறதுக்குள்ள மேல போய்ச் சேருங்க" என்று எழுந்துவிட்டார்.

மிச்சம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். மதியத்துக்குப் பிறகு எல்லப்பட்டிப் பக்கம் மேகம் ரோட்டுக்கே இறங்கிவிட்டது. பத்தடிக்கு முன்னால் தெரியவில்லை. இடது குதிகாலில் கொப்புளம் உடைந்து ஷூவுக்குள் ஈரமாகிவிட்டது. இருவரும் பேசவில்லை. சரிவு மட்டும் அதே சரிவு, காலை ஐந்தரைக்கு ஆரம்பித்த அதே பொறுமை. யார் வெட்டினார்களோ, எத்தனை பேர் வெட்டினார்களோ. ஒரு பெயர்ப் பலகை இல்லை. ஆனால் அவர்கள் வெட்டிய மண் என்னைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு டாப் ஸ்டேஷன். கேரளம் வழியாகத்தான் ரோடு போகிறது என்றாலும், அந்த இடம் நம் தேனி மாவட்டம். ரோப்வே நிலையத்தின் இடிபாடு கொஞ்சம் இருக்கிறது. மேகம் விலகிய ஒரு நிமிடத்தில் கீழே பார்த்தோம். மலை செங்குத்தாக இறங்கி, அடியில் கொட்டகுடி, குரங்கணி, தூரத்தில் போடிச் சமவெளி. பூட்டன் ஏறி வந்த வழி! இறங்கிப் பார்க்கலாமா என்று ஆசைதான். ஆனால் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. அதே 2018-ல்தான் இந்த மலைகளில் குறிஞ்சி பூத்தது. இனி 2030-ல். "அதுக்குள்ள நாம இன்ஜினியர் ஆயிருப்போமாடா?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அவன் கீழேயே பார்த்துக்கொண்டு, "திங்கட்கிழமை எஸ்டிமேஷன் அசைன்மெண்ட் வைக்கணுமே, நீ முடிச்சிட்டியா?" என்றான்.

"முடிக்கல."

"நானும்தான்" என்றான்.

கோவிலூர் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினோம். நாள் முழுக்க நடந்த பாதையை பஸ் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. பாதி வழியில் அவன் இறங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை விடுதி வராண்டாவில் 'டம்' என்று பக்கெட் வைக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு விடுதியே எழுந்து வெளியே வந்தது. டீத்தூள் மணமும் வந்தது.

நண்பர்களே, இதைக் கதை மாதிரி 'சுபம்' போட்டு முடிக்க எனக்கு ஆசைதான். முடியவில்லை. அவன் படித்துக்கொண்டிருக்கிறான், அசைன்மெண்ட்டில் என்னைவிட அரை மார்க் கூட. ஆனால் அந்த லயத்தை அடுத்த வருடம் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்பது இன்னும் முடிவாகவில்லை. இங்கே ஊர்ப் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். வாசலில் ஒரு கொடிக் கம்பு நட இடம் இருந்தால் போதும்.

ரயில்வே பாடத்தில் 'ஃபார்மேஷன்' என்று ஒரு தலைப்பு வரும். தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற மண் மேடை. படத்தில் கடைசிக் கோடு அது. நாம் அவசரத்தில் அதை ஒழுங்காக வரைவதுகூட இல்லை. தண்டவாளம் ஒரே மழையில் போயிற்று. அந்த மண் மேடை நூறு வருடமாகப் பாரம் தாங்கிக்கொண்டிருக்கிறது. இனி அந்தப் படத்தை வரையும்போது அந்தக் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் அழுத்தி வரையுங்கள்.